நீ வாய் மூடப் பழக்கிய நாய்

அண்ணே,

இன்று காலை என் மகன் நாய்க்குட்டியின் வாயை இரண்டு விரலால் பிடித்து மூடினான். கேட்டருகே வந்த தபால்காரரைப் பார்த்து அது குரைத்துவிட்டதாம். "சத்தம் போடக்கூடாது கண்ணா" என்று கொஞ்சி, அடங்கியதும் ஒரு பிஸ்கட் கொடுத்தான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "விடுடா அத" என்று கத்திவிட்டேன். சிரம்பானில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டியவன் நீ, நீதான் இல்லையே.

அம்மா காய்ச்சலில் போன பிறகு ரப்பர் தோட்டத்தில் அந்த லயத்து வரிசை வீட்டில் நீயும் நானும்தான். ஜப்பான்காரன் ஆட்சி. அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாது, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அந்த நேரத்தில் ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றாய். மணி என்று பேர் வைத்தாய். தூங்கி எழுந்தாலும் தின்று முடித்தாலும் உடனே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் அதே இடத்தில் விடுவாய். சில நாளில் அதுவே கதவைப் பிராண்ட ஆரம்பித்தது. விரலைக் கடித்தால் அடிக்க மாட்டாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாய். "அடிச்சா பயம்தான் வரும் புள்ள, பழக்கம் வராது" என்பாய். அவித்த கிழங்கைக் கைக்குள் வைத்து, அது உட்காரும்வரை பொறுத்திருந்து கொடுப்பாய். உன் பங்குக் கிழங்கு அது. அப்போதே எனக்குக் கோபம்தான்.

தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் குரைத்த நாயை ஒரு சிப்பாய் குத்திப்போட்டான் என்று கேட்டதும் உனக்குப் புத்தி மாறிவிட்டது. மணி வாயைத் திறந்தால் போதும், மெதுவாகப் பிடித்து மூடுவாய். அடங்கினால் கிழங்கு. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வந்தாலும், காக்கிச் சட்டை வந்தாலும் அது உட்கார்ந்து வாலை ஆட்டியது.

"நாயின்னா குலைக்கணும்ணே. ரோட்டு ஓரத்துல நம்ம வீடுதான் முதல் வீடு" என்றேன்.

"நாம ஒழுங்கா இருந்தா நம்மள ஏன் தொடப்போறான்?" என்றாய்.

லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு அது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க லோரி வந்தால் நாய்கள் குரைக்கும். குரைத்ததும் ஆண்கள் பின்வாசல் வழியாக ரப்பர் மரங்களுக்குள் ஓடிவிடுவார்கள். ரோட்டோரத்து நாய் தொடங்கினால்தான் மற்ற நாய்கள் தொடங்கும். அது நம் நாய்.

அன்று விடியற்காலையில் லோரியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தே வந்தார்கள். மணி உட்கார்ந்திருந்தது. நீ அடுப்பில் கிழங்கு வைத்துக்கொண்டிருந்தாய். வாசலில் நின்ற மண்டோர் அதன் தலையைத் தடவி, "நல்லா வளத்திருக்கியே தம்பி" என்றான். அந்தக் கையை நான் இன்றுவரை மறக்கவில்லை. பின்வாசல் திறந்துதான் இருந்தது. நீ ஓடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வேல முடிஞ்சதும் அனுப்பிருவாங்களாம்" என்று என்னிடம் சொன்னாய். மணி பின்னாலேயே வந்தது. "இரு" என்றாய், இருந்துவிட்டது. நீயும் அப்படித்தான், சொன்னபடி லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டாய்.

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனையும் படுக்கையிலிருந்தே இழுத்துப் போனார்கள். மறுநாள் குழாயடியில் அவள் என்னிடம், "ஒங்க நாயி ரொம்ப நல்ல நாயிலா" என்றாள். அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை.

நான் மணியைக் குரைக்கப் பழக்கினேன். அதன் முன் மண்டி போட்டு நானே குரைத்தேன். பார்த்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள். முதலில் அது வாயை மூடிக்கொண்டு கிழங்குக்காகக் காத்திருந்தது. அந்தக் கண்ணைப் பார்க்கப் பார்க்க உன்னைத்தான் திட்டினேன். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால்தான் கிழங்கு. பழகிவிட்டது.

லோரி மறுபடியும் வந்தது. மணி குரைத்தது, லயமே குரைத்தது. ஒரு ஆண்பிள்ளைகூடச் சிக்கவில்லை. அண்ணே, அன்றைக்குத்தான் நான் அழுதேன். இவ்வளவுதான் வேண்டியிருந்தது, ஒரு நாயின் சத்தம்.

சண்டை ஓய்ந்ததும் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். உன் பேரைச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டார்கள். உனக்குப் படையல் போடச் சொல்லி எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், இப்போது என் மகனும் சொல்கிறான். அம்மாவுக்குப் போடுகிறேன், உனக்கு இதுவரை போட்டதில்லை. படையல் போட்டால் கும்பிட வேண்டும். உன்னோடு போடும் சண்டையே எனக்கு இன்னும் முடியவில்லை.