மேல் வயல் வைக்கோல்

செப்டம்பர் 27

எங்கள் வயலைத் திருடுகிறவர் நிலத்துக்காரர் ஜோஸ். வைக்கோலாகத் திருடுகிறார்.

முதல் போகம் அறுத்தாயிற்று. நாங்கள் உழுவது வாய்ப்பேச்சுப் பாட்டம், எழுதாத குத்தகை; வைக்கோல் முழுக்க அவருக்கு என்பது வழக்கம். அவர் மாடுகள் தின்கின்றன. சாணம் லாரியேறி மலைமேல் வண்டன்மேட்டில் உள்ள அவருடைய ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறது. எங்கள் மண்ணில் பொட்டாஷ் இல்லையாம், பரிசோதனைத் தாளில் வந்திருக்கிறது. எப்படி இருக்கும்? "பயிர் எடுக்கிற பொட்டாஷ்ல முக்காவாசி வைக்கோல்லதான் நிக்கும்" என்றார் கிருஷிபவன் வேளாண் அதிகாரி சோனா மேடம்.

அக்டோபர் 1

வைக்கோலைக் கேட்டேன். ஜோஸ் அப்பாவிடம் சிரித்தார்.

"கருப்புசாமி, மகளுக்கு மாப்பிள்ளை பாக்கலையா? வைக்கோல் பாத்துட்டிருக்கா! வைக்கோல் இல்லேன்னா பாட்டமும் இல்ல."

மழையில் ஊறிக் கறுத்ததை மட்டும் விட்டுப் போனார். மாடு அதைத் தொடாது. அதை எங்கள் இரண்டு மாட்டுச் சாணத்தோடு மட்கப் போட்டேன்.

நவம்பர் 6

நடவு. மேல் வயலுக்கு மட்கு உரமும் பாதி பொட்டாஷும். அந்தப் பாதியையும் பிரித்து, இப்போது கொஞ்சம், கதிர் கருக்கொள்ளும்போது மிச்சம். சோனா மேடம் சொன்ன கணக்கு.

கீழ் வயலில் அப்பா முழு பொட்டாஷையும் இன்றே வீசிவிட்டார். "உப்பு போட்டாத்தான் கண்ணு பயிரு."

நவம்பர் 9

பெருமழை. கீழ் வயல் வரப்பு உடைந்து போட்ட உரமெல்லாம் தண்ணீரோடு ஓடியது.

டிசம்பர் 24

கீழ் வயலில் பொட்டாஷ் பற்றாமல் இலையோரம் கருகுகிறது. நான் சொன்னது சரியாயிற்று என்று சந்தோஷப்படவா? அதுவும் எங்கள் சோறுதானே.

பிப்ரவரி 18

அறுப்பு. கீழ் வயலில் கால்வாசி பதர். மேல் வயல் நெல் கையில் கனக்கிறது. ஜோஸ் அள்ளி ஊதிப் பார்த்தார், ஒன்றும் பறக்கவில்லை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்!

"எல்லாம் அந்த அழுகின வைக்கோலுதானுங்க மொதலாளி. நம்ம அம்மிணி பண்ணுனது."

"அப்படியா?" என்றார் ஜோஸ், வைக்கோலைத் திரும்பிப் பார்த்தபடி. அப்பா, ஏன் அப்பா?

பிப்ரவரி 20

லாரி வந்தது. காய்ந்தது, நனைந்தது, மட்கப் போட நான் ஒதுக்கி வைத்தது — எல்லாம் ஏறியது. கறுத்த வைக்கோலை ஏலச்செடி அடியில் மூடாக்காகப் பரப்பப் போகிறாராம்.

லாரி முன்னால் நின்றேன். "மேல் வயல் வைக்கோலையாவது எறக்குங்க. அடுத்த போகத்துக்கு இந்த மண்ணு எதைத் திங்கும்?"

டிரைவர் ஜோஸைப் பார்த்தான். ஜோஸ் அப்பாவைப் பார்த்தார். அப்பா வைக்கோல்மேல் போட்ட கயிற்றின் மறுமுனையை இழுத்து இறுக்கிக் கட்டினார்.

"எறக்குங்க" என்றேன் மறுபடியும்.