புதன்கிழமை அறையின் பூட்டைத் திறக்கக் கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தட்டச்சர்,
புதன்கிழமைக் கூட்டத்தினர் சார்பில்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதமும் மறதி நோயும் உள்ளவர்கள் கூடும் தரைத்தள அறை முன்னறிவிப்பின்றிப் பூட்டப்பட்டது, அதனால் நேர்ந்த விபத்து, அறையைத் திரும்பத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தேன். ஆறு ஆண்டுகளாக எனக்கு நடுக்குவாதம். சமுதாயக் கூடத்தின் தரைத்தள அறையில் புதன்தோறும் காலை பத்து மணிக்கு நாங்கள் பதினான்கு பேர் கூடுவோம். சிலருக்கு என் நோய், சிலருக்கு மறதி நோய், மற்றவர்கள் எங்களைப் பார்த்துக்கொள்பவர்கள். சேர்ந்து பாடுவோம், கைகால்களை அசைத்துப் பழகுவோம். கூட வந்தவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொள்வார்கள். வீட்டில் அதற்கு அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

2. எங்களுக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், அதைத் தாண்டக் கால் எழும். ஆகவே வாசலிலிருந்து நாற்காலி வரை மஞ்சள் நாடா ஒட்டியிருந்தோம். "தரையே அசிங்கமா இருக்கு" என்று கூடத்தின் மேற்பார்வையாளர் அதைச் சுரண்டி எடுக்கச் செய்தார். பொறுத்துக்கொண்டு வேறு ஒட்டினோம்.

3. சென்ற மாதத்தின் முதல் புதனன்று அறை பூட்டிக் கிடந்தது. உள்ளே பழைய கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். இரண்டாம் மாடிக்குப் போகச் சொன்னார் மேற்பார்வையாளர். லிப்ட் கிடையாது. "படி ஏற முடியாதவங்க வீட்லயே இருக்கலாமே" என்றும் சொன்னார்.

4. எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மறதி நோய் உள்ளவர். டிரைவர் அண்ணன் என்போம். அவர் மனைவி மேற்பார்வையாளரிடம் முறையிடப் போகையில், "கொஞ்சம் பாத்துக்கங்க அக்கா" என்று அவரை என்னிடம் விட்டுப்போனார். அண்ணன் தெருவில் இறங்கி நடந்தார். பின்னால் போக நினைத்தேன், கால் வரவில்லை. கூப்பிட்டேன், இந்த நோய் குரலையும் விழுங்கிவிடும், பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை. அவர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

5. ஐந்து மணி நேரம் கழித்து, புறவழிச்சாலையோரப் பள்ளத்தில் கிடந்தவரை ஒரு லாரிக்காரர் தூக்கி வந்தார். முழங்கை முறிந்திருந்தது. செருப்பில்லாத பாதங்கள் கொப்பளித்திருந்தன. அண்ணனின் மனைவி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இப்போது அவர் கடைக்குப் போகும்போது கணவரை உள்ளே வைத்து வெளியே பூட்டுகிறார். போய்ப் பார்த்தேன். "வேற என்னக்கா செய்வேன்?" என்றார்.

6. பூட்டியது தாங்கள் அல்ல என்பதை அறிவேன்; திறக்கச் சொல்லும் அதிகாரம் தங்களுடையது. கோப்புகள் மாடிக்குப் போகட்டும், அவற்றுக்குக் கால் வலிக்காது. அறை திறந்தால் அண்ணனை அழைத்துவருவதாக அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

7. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்ற வரியை என் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான முறை தட்டச்சு செய்திருக்கிறேன். அதைப் படிப்பவர் முகத்தை ஒருமுறைகூட நினைத்ததில்லை. அருள்கூர்ந்து எங்களுக்கு அந்த வரியை அனுப்பாமல், சாவியை அனுப்புமாறு வேண்டுகிறேன்.

இடம்: சமுதாயக் கூட வாசல்
நாள்: புதன்கிழமை, காலை 11 மணி

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தட்டச்சர்
(கையெழுத்து பணிப்பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகாது. இரண்டும் என்னுடையவையே.)