கடைசி பெஞ்சில் ஒரு சந்தேகம்

என் வகுப்பின் மூத்த மாணவி சபீனா அக்காவுக்கு,

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வழக்கம்போல மேலே இருக்கிற ஊர்களெல்லாம் குடித்த பிறகு, கடைசியாக நம் கடைமடைக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது. மதியச் சாப்பாட்டுத் தட்டை யாரும் அதில் கழுவக் கூடாது என்று தலைமையாசிரியர் பிரேயரில் சொன்னார். பிள்ளைகள் அதில்தான் கழுவுகிறார்கள்.

போன கார்த்திகையில் நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்தபோது ஒரே மழை. அதிராம்பட்டினத்தில் உங்கள் வீட்டில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். உங்கள் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானாம்மா அந்த இங்கிலீஷ் டீச்சர்? சாப்புடும்போதெல்லாம் ஒன்னப் பத்தித்தான் பேசுவா" என்றார்கள். என்ன பேசினீர்கள் அக்கா? அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது ஒரு செய்தியோடு வந்திருக்கிறேன். உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்கதை சொல்லிவிட்டு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சிறப்பு ஆங்கிலம் நடத்துகிறவள். எல்லோருக்கும் உள்ள பொது ஆங்கிலம் இல்லை. கலைப் பிரிவில் விரும்பி எடுக்கிற சிலருக்கான இலக்கியப் பாடம். நீங்கள் அதே பிள்ளைகளுக்கு வரலாறு. ஒரு சித்திரை மாத வெயிலில், சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, கையில் விடைத்தாள் கட்டோடு என் வகுப்புக்குள் வந்தீர்கள்.

"கலா, ஸ்டாஃப் ரூம் ஃபேன் படுத்துடுச்சு. ஒன் கிளாஸ் ஃபேன்தான் நல்லா சுத்துது. நான் பாட்டுக்குக் கடைசி பெஞ்சுல ஒக்காந்து பேப்பர் திருத்திக்கிறேன். நீ நடத்து."

"முன்னாடி நாற்காலி போடச் சொல்றேன்க்கா."

"வேணாம். நான் கடைமடைக்காரி. எனக்குக் கடைசி பெஞ்சுதான் சரி."

காற்றுக்கு வந்தவர், பிறகு ஆண்டுக்கணக்காக எழுந்து போகவே இல்லை. அந்த ஃபேனை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள்.

அன்று நான் நடத்திக்கொண்டிருந்தது எங்கள் பாட நாவலின் மாலைத் தேநீர்க் காட்சி. கடலோரத்தில் ஒரு பெரிய வீடு. மூன்று பெண்கள், ஒரு நாய், விருந்தாளியாக வந்த ஓர் இளைஞன். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்வையைத் தவிர்க்கிறார்கள் என்று நான் லயித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே எனக்கு அந்த உலகம் பிடிக்கும். தூறல், புல்வெளி, பேசாமல் விட்ட வார்த்தைகள். அதெல்லாம் எந்த மண்ணிலும் கால் பதிக்காமல் எங்கேயோ ஆகாயத்தில் நடப்பதாக நினைத்திருந்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. வளையல் போட்ட கை. பிள்ளைகள் மொத்தமும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கக்கா."

"அக்கா இல்ல, மாணவி. அந்த டீயில சர்க்கரை போட்டாங்கள்ல? அந்தச் சர்க்கரை எந்த ஊரு?"

எனக்குச் சுருக்கென்றது. விளையாடுகிறீர்களோ என்று நினைத்தேன். "பாடத்துல அது இல்லக்கா" என்றேன். "தெரியும். அதான் கேக்குறேன்" என்றீர்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எழுந்து வந்து நீங்கள் சொன்னீர்கள். அந்தக் குளிர்நாட்டில் கரும்பு விளையாது. கடல் தாண்டிய தீவுகளிலிருந்து வந்தது. அங்கே முதலில் அடிமைகள் வெட்டினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, ஒப்பந்தக் கூலிகளாக நம் பக்கத்து ஆட்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோனார்கள். "நாவல்ல அந்த வீட்டு அப்பா எப்பவும் ஊர்ல இல்லையே, எங்க போயிருக்காரு? தோட்டத்தப் பாக்கத்தான?" என்றீர்கள். அந்த நாவலை அதுவரை எத்தனையோ முறை படித்தவள் நான். அந்த அப்பா எங்கே போனார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் பிள்ளைகளை வீட்டில் கேட்டுவரச் சொன்னீர்கள், யாராவது கடல் தாண்டிப் போயிருக்கிறார்களா என்று. ஒருத்தி வீட்டில், மலாயாவுக்குப் போய்த் திரும்பாத ஒரு பெரிய தாத்தா. ஒருவன் வீட்டில், அங்கிருந்து வந்தவர் கொண்டுவந்த பீங்கான் தட்டு. இன்னமும் மாட்டுக்குத் தவிடு வைக்கிறார்களாம். "ஒங்க வீட்டுல டீச்சர்?" என்று ஒரு பையன் உங்களையே மடக்கினான்.

"எங்க தாத்தாவுக்குப் பினாங்குல கடை. அவருக்குக் கப்பல்ல படுக்கக் கட்டில் இருந்துச்சு. ஒங்க வீட்டு ஆளுங்க கீழ மூட்டையோட மூட்டையா கெடந்திருப்பாங்க. ஆனா ஒரே கப்பல்தான்" என்றீர்கள்.

உங்கள் பக்கத்துக் கணக்கை நீங்களே இப்படி எடுத்து வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு. நானாக இருந்தால் தாத்தாவின் கட்டிலைச் சொல்லியிருப்பேனா?

அதற்குப் பிறகு அதுவே நம் வழக்கமானது. நான் கரும்பலகைக்கு முன்னால், நீங்கள் கடைசி பெஞ்சில். கவிதையில் ஆட்டு மந்தை வந்தால், "அந்த மேய்ச்சல் நிலம் பட்டாவா, பொறம்போக்கா?" என்று கேட்பீர்கள். ஊர்ப் பொது நிலத்தை அங்கேயும் வேலி போட்டு வளைத்தார்கள் என்று சொன்னதும் பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரியும், விளக்கமே தேவைப்படாது. உங்களுக்கும் தெரியாத இடம் வந்தால், "படிச்சுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்பீர்கள். சொல்லாமல் விட்டதே இல்லை. ஆசிரியர் ஒருத்தி பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்லலாம் என்பதை நான் உங்களிடம்தான் பார்த்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட்டோம். "பரீட்சையில கேட்டதுக்கு மொதல்ல பதில் எழுதட்டும்கா" என்பேன். "எழுதட்டும். கேக்காததையும் ரெண்டு வரி எழுதட்டுமே" என்பீர்கள். இனிமேல்தான் செய்தி.

மார்ச்சில் அரசுத் தேர்வு. அந்தத் தேநீர்க் காட்சியை விவரி என்று ஒரு பெரிய கேள்வி. முடிந்து வெளியே வந்ததும் தினேஷ் ஓடிவந்தான். "டீச்சர், சூப்பரா எழுதிட்டேன்! சர்க்கரைக்கே ரெண்டு பக்கம்!"

"டீ பார்ட்டி எழுதுனியாடா?"

"அதுக்கு டைம் இல்ல டீச்சர்."

அவன் மட்டும் இல்லை அக்கா. பாதி வகுப்பு கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டுத் திரும்பி வரவில்லை. விடைத்தாள் திருத்திய யாரோ ஒரு புண்ணியவான், மூன்று பெண்களையும் நாயையும் தேடித் தேடிக் களைத்திருப்பார். நீங்கள் இருந்திருந்தால் மேஜையைத் தட்டிச் சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. யாரும் தோற்கவில்லை; ஆனால் மதிப்பெண் குறைந்தது. ஏற்கெனவே சிறப்பு ஆங்கிலத்துக்கு வருகிற பிள்ளைகள் குறைவு.

ஜூனில் பள்ளி திறந்ததும் தாளாளர் கூப்பிட்டார். "டீச்சர், நான் கேள்விப்பட்டேன். டீ குடிக்கிறதப் பத்திக் கேட்டா கரும்பு வெட்டுறதப் பத்தி எழுதியிருக்குதுங்க. இது இங்கிலீஷா, ஹிஸ்டரியா? இந்த வருஷம் பிளஸ் ஒன்ல சிறப்பு ஆங்கிலம் வேணாம்னு நெனைக்கிறேன். வர்ற புள்ளைங்கள வணிகவியல்ல போட்டுடலாம்."

"ஒரு வகுப்பு வந்து பாருங்க சார். பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். வேறென்ன சொல்வது? "வர்றேன். ஆனா பாடம் மட்டும் நடத்துங்க" என்றார்.

அந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் உங்கள் கடைசி பெஞ்சும் அதோடு போய்விடும் என்பது எனக்குத் தெரியும். பாடம் இருந்து உங்கள் கேள்வி இல்லாமல் போனாலும் அதே கதிதான். எதைக் காப்பாற்றுவது? வீட்டில் யோசித்தேன், பஸ்ஸில் யோசித்தேன். கடைசியில், பாடத்தையாவது காப்பாற்றுவோம் என்று முடிவு செய்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதே தேநீர்க் காட்சியை எடுத்தேன். விருந்தை முழுதாக, அழகாக, சர்க்கரை சேர்க்காமல்.

தாளாளர் எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? நான் நாற்காலி போட்டிருந்தேன். அவர் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், உங்கள் இடத்தில். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் நடத்தினேன், நன்றாகவே நடத்தினேன். யார் யாரைப் பார்த்தார்கள், யார் தலையைக் குனிந்தார்கள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, மூன்றாவது பெஞ்சில் பவித்ரா கையைத் தூக்கினாள். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். வாய் திறக்காத பிள்ளை என்று நீங்கள்கூடச் சொல்வீர்களே, அவள்தான்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

சர்க்கரை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"மூணு பொண்ணுக்கும் பேரு இருக்கு. நாய்க்குக்கூடப் பேரு இருக்கு. டீத்தட்டு வந்துச்சுன்னு போட்டிருக்கு. தட்டு தானா நடந்தா வரும்? கொண்டுவந்தவங்க பேரு என்ன டீச்சர்?"

அக்கா, நான் உடனே கடைசி பெஞ்சைப் பார்த்தேன், உங்கள் முகம் எப்படி மலர்கிறது என்று பார்க்க. இத்தனை வருஷத்தில் சர்க்கரையைத் தேடிக் கடல் தாண்டிப் போன நாம் இருவரும், கதவைத் திறந்துகொண்டு தட்டோடு வந்தவளைக் கேட்கவில்லையே! அங்கே தாளாளர்தான் உட்கார்ந்திருந்தார், நாவலைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டு. அவரும் தேடினார். பிள்ளைகளெல்லாம் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேரும் அகப்படவில்லை.

பாடத்தை மட்டும் நடத்துவது என்பது அதோடு முடிந்தது. "பேரு இல்ல பவித்ரா. எழுதுனவங்க சொல்லல" என்றேன். "ஆனா அவ யாரா இருந்திருப்பான்னு சொல்ல முடியும்." வேலி போட்டதும் மேய்ச்சல் நிலம் போன குடும்பங்களில் இருந்து, இவர்கள் வயதுப் பெண்கள் பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போனதைச் சொன்னேன். "எத்தன மணிக்கு எந்திரிப்பாங்க? லீவு உண்டா? எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். சிலதற்கு, "படிச்சுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்றேன். குரல் என்னுடையதுதான். வாக்கியம் உங்களுடையது.

மணி அடித்தது. தாளாளர் எழுந்து அலுவலகத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். நம் ஆயாம்மா டீ கொண்டுவந்து வைத்தார். தாளாளர் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஏம்மா, ஒன் பேரு என்ன?" என்றார்.

ஆயாம்மா அரண்டுபோனார். "ஏன் சார், வேலையவிட்டு எடுக்கப் போறீங்களா?"

"அட, பேருதானம்மா கேட்டேன்."

"வசந்தா சார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இங்க சபீனா டீச்சர் மட்டுந்தான் பேரு சொல்லிக் கூப்புடுவாங்க. அவுங்க போனப்புறம் யாரும் கூப்புடுறதில்ல" என்றார்.

ஆமாம், "வசந்தாம்மா, அரை டம்ளர் போதும்" என்று வராந்தாவில் கேட்கும் உங்கள் குரல். வகுப்பில் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போனது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்த மாதிரி இருந்தது. உங்களுக்குத்தான் பேர் தெரியுமே.

தாளாளர் டீயைக் குடித்து முடித்தார். "சேர்க்கை போடுங்க டீச்சர். ஆனா அந்தப் பசங்க மொதல்ல கேட்டதுக்குப் பதில் எழுதணும்" என்றார். என் கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்தார் பாருங்கள்.

பாடம் இருக்கிறது அக்கா. பிளஸ் ஒன்னில் இந்த வருஷமும் கொஞ்சம் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். பவித்ரா தன் புத்தகத்தில் அந்தத் தட்டு வருகிற வரிக்கு மேலே பென்சிலால் ஒரு பேர் எழுதிவைத்திருக்கிறாள். என்ன பேர் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் இடத்துக்குப் புதிதாக ஒரு வரலாற்று டீச்சர் வந்திருக்கிறார். திருவாரூர்க்காரர், சின்ன வயது, பிள்ளைகளைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படுகிறார். திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் எனக்கு ஓய்வு, அவருக்கு வகுப்பு. ஸ்டாஃப் ரூம் ஃபேன் பழுது என்று பொய் சொல்லிக்கொண்டு நான் போவேன். முன்னால் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டேன். அவர் போரையும் உடன்படிக்கையையும் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, கடைசி பெஞ்சிலிருந்து கையைத் தூக்குவேன். அன்றைக்கு அந்த ஊர் மக்கள் என்ன பாட்டுப் பாடினார்கள், என்ன கதை படித்தார்கள் என்று கேட்பேன். இது சத்தியம்.

உங்கள் உம்மா வயிற்றில் பிறக்காவிட்டாலும் உங்கள் பெஞ்சில் இடம் பிடித்துவிட்ட தங்கை,
கலா