படகை இழுக்காத புது வண்டி

டாரெல்,

கறியும் உருளைக்கிழங்கும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. சூடாக்கத் தெரியும் என்று நினைக்கிறேன். மேசையில் இருக்கும் கேக்கைத் தொடாதே. அது பக்கத்து வீட்டு கார்டிக்கு. நீயே கொண்டுபோய்க் கொடுத்து, நேற்று உன் வாயில் வராத நன்றியைச் சொல்லிவிட்டு வா.

நேற்று மீன்பிடி சீசனின் முதல் நாள். பின்னால் இருபது படகு வரிசையில் நிற்கிறது. படகை ஏரியிலிருந்து மேலே இழுக்கும் சரிவின் பாசியில் உன் புது வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றுகிறது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியே இல்லையாம் அது! மேலே கண்ணாடிக் கூரை இருப்பதை மட்டும் ஊரெல்லாம் காட்டினாயே? கடைசியில் கார்டியின் இருபது வருடத்துப் பழைய வண்டிதான் நம்மைப் படகோடு மேலே இழுத்தது. "பரவால்ல டாரெல், பாக்க அழகாத்தான இருக்கு"ன்னு அவன் சொன்னதும் பிள்ளைகள் சீட்டுக்கடியில் ஒளிந்துகொண்டார்கள்.

"படகை மாட்டி ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு வாங்கலாம்"னு நான் கடையில் சொன்னேன். "இதெல்லாம் உனக்குப் புரியாது"ன்னு கடைக்காரர் முன்னால் சொன்னாய்.

நான் பேசிவிட்டேன், நாலு மணிக்கு அதே கடைக்காரர் உன் வண்டியைத் திரும்ப எடுக்க வருவார். சாவியைக் கொடு. வாசலில் நின்று மல்லுக்கட்டாதே.

இதெல்லாம் புரியாத
ஜோலீன்

பி.கு.: படகைக் காணோம் என்று போலீசைக் கூப்பிடாதே. வேறு வண்டி பார்க்கப் போகிறேன், மாட்டிப் பார்க்கப் படகு வேண்டும். அதுவரை கார்டியிடம் இரவல் வாங்கிய பழைய வண்டி இழுக்கும்.