பச்சைப் பூவரசு

நாள் 61, 09:10
எழுதுவது உலகம்மாள், பூச்சியியல். விண்வெளி நிலையத்தில் என்னைத் தவிரப் பொறியாளர் தங்கவேலாயுதம் மட்டும். கண்ணாடிப் பெட்டியில் மரம் துளைக்கும் வண்டுகள் நாற்பது. வலைக்கூண்டில் வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகள் இருநூறு. எடையற்ற இடத்தில் எது பிழைக்கும் என்பதே ஒப்பீடு. வண்ணத்துப்பூச்சிகள் திசை தெரியாமல் திணறுகின்றன, பாவம். வண்டுக்குத் திசையே வேண்டாம், வாய்க்கு எதிரே மரம் இருந்தால் போதும். எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

நாள் 74, 11:30
சுவருக்குள் அரைக்கும் சத்தம். பெட்டியில் எண்ணினேன், நாற்பதும் இருக்கின்றன. சுவர்ப் பலகைகள் எல்லாம் மருந்தில் ஊறிய தேக்கு. மருந்து படாத மரம் ஒன்றுதான்: திறப்பு நாளில் மஞ்சள் பூசிக் கட்டிய பந்தக்கால், பச்சைப் பூவரசு. தரைக் கட்டுப்பாட்டிலிருந்து இசக்கிமுத்து அண்ணன் அன்று சொன்னது பதிவில் இருக்கிறது: "மருந்தெல்லாம் அடிக்காதீங்கம்மா, பச்சையா நின்னாத்தான் வெளங்கும்." நானும் தலையாட்டித் தொலைத்தேன். இன்று கம்பைப் பிளந்தேன். உள்ளே வெறும் மாவு. குடியிருந்த வண்டுகள் மருந்தையும் மீறிச் சுவருக்குப் போய்விட்டன.

நாள் 79, 16:05
கதிர்வீச்சோ என்ன எழவோ, இவை மரத்தோடு நிற்கவில்லை. தங்கவேலாயுதம் அலறினார். தொடை எலும்பில் ஏழு துளை. திருப்புளியால் தோண்டினேன். ரத்தம் உருண்டை உருண்டையாக மிதந்தது. மூன்றை நசுக்கினேன். நான்காவது அவர் விலாவைக் கிழித்து வெளியே வந்தது. இறந்துவிட்டார். பெட்டியிலிருந்த நாற்பதையும் சுத்தியலால் அடித்துக் கூழாக்கினேன். அவை ஒன்றும் செய்யவில்லை, தெரியும்.

நாள் 80, 10:40
சுவர் ஓட்டையாகிக் காற்று வெளியேறியது. கூண்டு உடைந்து, வண்ணத்துப்பூச்சிகள் அத்தனையும் காற்றோடு இழுபட்டு, சிறகு கிழிந்து, அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டன. அவை தாங்கிய இரண்டு நிமிடத்தில் மீட்புக் கலத்தில் ஏறினேன். வானொலியில் இசக்கிமுத்து அண்ணன்: "எறங்கிரு தாயி. கடல்ல படகோட நிக்கோம். ஒன் மவளும் நிக்கா."
அழுதேன்.

நாள் 80, 13:20
அரைக்கும் சத்தம். கலத்தில் மரமே கிடையாது, முழுக்க உலோகம். இடது முழங்காலைப் பொத்தினால் சத்தம் குறைகிறது.

13:52
கத்தியால் அறுத்து ஆறு எடுத்தேன். இப்போது தோளில் கேட்கிறது. நான் இறங்கினால் இவையும் இறங்கும், என் மகள் நிற்கும் படகில். வெப்பக் கவசத்தைக் கழற்றிவிட்டேன். காற்று மண்டலத்தில் எல்லாம் எரிந்துவிடும்.
"ஏ தாயி, கவசம் போயிட்டுன்னு காட்டுது. என்ன பண்ணுத? இந்தா, பாப்பா பேசணுங்கா."
ஒலிபெருக்கியை அணைத்தேன். அவள் குரலைக் கேட்டால் சாக மனம் வராது.

14:06
தாடைக்குள் வந்துவிட்டது. பதிவு முழுவதையும் கீழே அனுப்பிக்கொண்டே எழுதுகிறேன். அண்ணே, அவளைப் படகுக்குள் கூட்டிப் போங்கள். வானத்தைப் பார்க்க விடா