அக்காவின் இடது கை

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது பாட்டுக்குக் கணினியில் டிரம்ஸ் போட்டு முடித்தேன். இதுவரை நான் பின் அறையில் பாடிப் பதிந்த எல்லாவற்றுக்கும் அக்காதான் வாசித்தாள். நவம்பரில் பக்கவாதம் வந்து அவள் இடது கை விழுந்துவிட்டது. கை திரும்புகிறவரை நான் மவுஸால் ஒவ்வொரு அடியாகக் கட்டத்தில் வைப்பது என்று பேச்சு.

கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஸ்னேர், ஹை-ஹேட், சிம்பல், மூணு மேலயும் ஒரே நேரத்துல அடி விழுதே. உன் ஆளுக்கு எத்தனை கைடா?" எனக்கும் சிரிப்பு வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாவது கையை வெட்டினேன். "தையல் மிஷின்" என்றாள். அடிகளைக் கொஞ்சம் முன்னே பின்னே கலைத்துப்போட்டேன். "இப்பக் குடிச்சிட்டு வாசிக்கிறான்." ஒரு ஞாயிறு முழுக்கப் பிள்ளையார் பிடித்துக் குரங்காக்கியிருக்கிறேன்.

மார்ச் 11

அக்கா கையில் ரப்பர் பந்து. இன்றும் விரல் மடங்கவில்லை.

மார்ச் 15, சனி

அக்காவின் பழைய பதிவுகளைத் திறந்து அளந்தேன். அவள் ஸ்னேர் அடி எப்போதுமே ஒரு நூல் பிந்தித்தான் விழுகிறது. இரண்டாவது அடி முதலாவதைவிடக் கனம். நடுவே காதுக்கு எட்டியும் எட்டாமலும் குட்டித் தட்டல்கள். அத்தனையும் இடது கையின் வேலை. ஒன்றுவிடாமல் அப்படியே இந்தப் பாட்டில் எடுத்து வைத்தேன். பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. நான் ஒரு மடையன், சந்தோஷமாக ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தேன்.

பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

"இது நான்."

"ஆமாக்கா."

"யாரக் கேட்டுப் பண்ண? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் என்ன பண்ணிட்டேன்? நல்லா வரணும்னுதானே — இல்லை. தப்புதான்.

மார்ச் 18

இன்னும் பேசவில்லை. அத்தான் மட்டும், "கொஞ்ச நாள் விடு மாப்ள" என்றார்.

மார்ச் 24, திங்கள்

திங்களும் வியாழனும் பத்து மணி, அக்கா ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சிக்குப் போகும் நேரம். நான்கு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. எனக்கு மாலை ஷிப்ட், வீட்டில்தான் இருந்தேன். பத்தேகாலுக்கு அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பயிற்சிக்குப் போகலையா?"

"அந்தப் பாட்டப் போடு."

போட்டேன்.

"ரெண்டாவது சரணத்துல நான் இவ்ளோ தட்ட மாட்டேன். நீ பாடுற இடம் அது, வழி விடுவேன். எடு."

எடுத்தேன். கடைசி அடியை இன்னும் கொஞ்சம் பிந்தச் சொன்னாள். நகர்த்தினேன். இடது கை மடியில் கிடந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவள் அதைப் பார்க்கவில்லை.

அருமையாக வந்திருக்கிறது. யார் கேட்டாலும் அவளே வாசித்தது என்றுதான் சொல்வார்கள். எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை.

"அடுத்த பாட்ட வியாழக்கிழம வெச்சுக்கலாம். பத்து மணிக்கு."

"வியாழன் உனக்கு —"

"இனிமே பயிற்சி வேணாம்னு போன்ல சொல்லிட்டேன்டா."

சரிக்கா என்றேன்.