கோயில் ஊருணியில் கலந்துவிட்ட கெளுத்தி மீன்களை மழைக்கு முன் பிரித்தெடுக்க வேண்டி மனு

அனுப்புநர்:
மா. கனகலட்சுமி,
க/பெ. மாரிக்கண்ணன்,
காளியம்மன் கோயில் தெரு,
கீழக்கரிசல்பட்டி, திருச்சுழி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளத் துறை, விருதுநகர் மாவட்டம்.

பொருள்: ஊருணியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி கலந்தது – ஆய்வு செய்து அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பங்குனியில் எங்கள் ஓடை வற்றும்போது, குழிகளில் துடிக்கும் மீன்களைக் குடத்தில் அள்ளி அம்மன் ஊருணியில் விடுவது எங்கள் ஊர் நேர்த்திக்கடன். அதன்பின் அவற்றை யாரும் பிடிப்பதில்லை. மகள் சத்யபிரியாவுக்கு மஞ்சள்காமாலை குணமானதால் 2022 முதல் நானும் விடுகிறேன். அம்மனுக்கு ஒப்பிக்க வேண்டுமே என்று, விட்ட மீன்களை எண்ணி நோட்டில் எழுதி வைப்பேன்.

2. 2023 மழையில் சண்முகவேல் என்பவரின் பண்ணைக்குட்டை உடைந்து, அவர் வளர்த்த, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திகள் ஓடையில் சேர்ந்தன.

3. நாட்டுக் கெளுத்தியின் தலையெலும்பு பின்னால் ஒரே முனையாக முடியும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு மூன்று முனை. இப்போது வருபவை இரண்டும் கலந்து, நடுவாக இருக்கின்றன. 2022-ல் விட்ட 41 கெளுத்தியும் நாட்டு மீன். இந்தப் பங்குனியில் 37-ல் ஆறுதான். சந்தேகம் வந்தபிறகும், துடிக்கிற உயிரைக் கரையில் போட மனம் வராமல் அத்தனையையும் ஊருணியில் விட்டவள் நான். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

4. சண்முகவேலிடம் சொன்னதற்கு, "மதினி, மீனுக்குமா சாதி பாக்குறீக?" என்றார். டீக்கடையே சிரித்தது. ஐயா, அதன் பிறப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஊருணியில் அயிரையும் தலைப்பிரட்டையும் மிஞ்சவில்லை என்பதே புகார். வைகாசியில் தண்ணீர் சேறானபோது நாட்டு மீன்தான் அதிகம் செத்து மிதந்தது. கலப்பு மீன் சேற்றில் கிடந்து பிழைத்தது. இந்த வறண்ட மண்ணுக்கு இனி அதுதான் பொருந்துமோ என்றும் தோன்றுகிறது. மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. படித்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

5. ஆவணி மழையில் ஊருணி நிறைந்து, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழிய இரண்டடிதான் பாக்கி. ஓடை பங்குனியிலேயே வற்றியதால் கலப்பு மீன்கள் இப்போது ஊருணியில் மட்டுமே இருக்கின்றன. ஐப்பசி மழையில் வழிந்தால் மறுபடி ஓடைக்கும், அங்கிருந்து குண்டாற்றுக்கும் போய்விடும். அப்புறம் யாராலும் பிரிக்க ஆகாது.

ஆகவே ஐயா அவர்கள் அதற்குள் ஆளும் வலையும் அனுப்பித் தர வேண்டுகிறேன். நாட்டு மீன்களை வைக்க வீட்டில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளை நிரப்பி வைத்துள்ளேன். கோயில் மீனில் வலை விழக்கூடாது என்று ஊரார் தடுக்கிறார்கள். முதலில் எடுப்பது என் நேர்த்தி மீனாக இருக்கட்டும். அம்மனிடம் சொல்லிவிட்டேன். வலை இறங்கும்போது நானும் தண்ணீருக்குள் நிற்பேன்.

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
மா. கனகலட்சுமி

நாள்: 29.09.2025
இடம்: கீழக்கரிசல்பட்டி